சிவப்பு எந்தப் பக்கம்

ஊரப்பாக்கத்து மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் நாலு மணி வெயில் சாய்ந்து கிடக்கிறது. கப்பலில் சுக்கான் பிடித்த ஷாகுல், சிவப்பும் பச்சையுமான இரண்டு பாட்டில் மூடிகளுக்கு நடுவே தீப்பெட்டியை மெதுவாக நகர்த்துகிறான். “துறைமுகத்துக்குள்ள நுழையறப்ப சிவப்பு மிதவை இடது பக்கம், பச்சை வலது பக்கம் இருக்கணும் அக்கா. நடுவுலதான் ஆழம் கீது.” ஜோசலின் கன்னத்தில் கைவைத்துக் கேட்கிறாள். அவள் கணவன் தனசிங் அதே கப்பலின் அதிகாரி. வேலை போன ஷாகுல் கேட்டு வந்திருக்கும் சான்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல், எதிரே தனசிங் பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறான். “எல்லா நாட்லயும் இப்படித்தானா?” “அமெரிக்கா பக்கம் உல்டா அக்கா.” ஷாகுல் மூடிகளை இடம் மாற்றி வைக்கிறான். அங்கேதான், நம்மூர்ப் பழக்கத்தில், சிவப்பை இடப்பக்கம் விடச் சொன்னான் தனசிங். கப்பல் சேற்றில் ஏறிய பிறகு, சுக்கான்காரன் தப்பாகத் திருப்பிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். மின்சார ரயில் கடக்கிறது. மூடிகள் நடுங்கி அடங்குகின்றன. “அன்னைக்கு என்னதான் ஆச்சு ஷாகுல்?” “என் கைதான் தப்பு பண்ணிடிச்சு அக்கா. சார் சரியாத்தான் சொன்னாரு.” தனசிங்கைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, தீப்பெட்டியை நடுவிலிருந்து எடுத்துச் சிவப்பு மூடிக்கு வலப்புறம், ஆழத்துக்கு வெளியே, அன்று தனசிங் போகச் சொன்ன அதே இடத்தில் வைக்கிறான்.