புயலுக்கு ஒரு கார்டு

இந்தக் கார்டா, அந்தக் கார்டா என்று தெரியாமல் அவன் கடைமேசையின் முன்னால் நிற்க ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் எடுத்துவைத்து மூன்று முறை விளக்கிவிட்டு, மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். நான்காம் முறை விளக்கினால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

கம்ப்யூட்டர் விளையாட்டின் படங்களைத் தடங்கலில்லாமல் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுகள் அவை. சின்னது, வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டருக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியதற்கு மூன்று விசிறிகள், கலர் கலராக விளக்குகள். அதைப் பார்த்த பிறகு அவனுக்குச் சின்னதைத் திரும்பிப் பார்க்கவே மனம் வரவில்லை.

எல்லாம் கரடியால் வந்த வினை.

கரடி என்பது கார்ப் பந்தய விளையாட்டில் அவனுடைய எதிராளியின் பட்டப்பெயர். ஒரு வருடமாகத் தினமும் மாலை ஆறரைக்கு இருவரும் இணையத்தில் மோதிக்கொள்கிறார்கள். களத்தில் வேறு யாரும் கிடையாது. முகம் தெரியாது, குரல் தெரியாது. எழுதி அனுப்பிக்கொள்ளும் வசவுகள் மட்டும்தான் பழக்கம். அவன் கரடிக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. ‘சொட்டைத்தலைக் கிழவா’ என்பதுதான் அவற்றிலேயே மரியாதையானது.

அவனுடைய பட்டப்பெயர் புயல். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் அவனைக் கிண்டல் செய்வார்கள். புயல் ஜெயித்த பந்தயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி. தோற்றால் ஒரு மாதத்துக்குப் பெயரைத் ‘தென்றல்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பந்தயம் கட்டியது அவன்தான். வாய்க்கொழுப்பு.

தான் தோற்பதற்குக் காரணம் பழைய கார்டு என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை.

கூட வந்திருந்தது மாமியார். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். கீபோர்டு வாங்க வேண்டும் என்று அவர் சொல்ல, மனைவி அவரை இவனோடு கோத்துவிட்டாள். வழியெல்லாம் இருவரும் பேசியது வெயிலைப் பற்றி. அதுவும் ஒரே ஒரு தடவை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?”, “ஆச்சுங்க அத்தை” என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு நகர்ந்ததில்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு வேறு என்னதான் பேசுவது?

மாமியார் ஒவ்வொரு கீபோர்டிலும் நாலே நாலு பட்டன்களை மட்டும் அழுத்திப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் பெரிய கார்டின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“பாரம் ஏத்துறதுக்கு முன்னாடி கயிறு தாங்குமான்னு பாக்கணும் மாப்பிள்ளை. உங்க கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்குற பெட்டி எத்தன வாட்?”

இதுவரை அவர் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முந்நூற்றைம்பது. பெரிய கார்டு கேட்பது அறுநூற்றைம்பது. அந்தப் பெட்டியை மாற்றினால் மட்டும் போதாது; கார்டின் நீளத்துக்கு, வெளிக்கூடான கேபினட்டையும் மாற்ற வேண்டும். ஒரு கார்டு வாங்க வந்தவன் முழுக் கம்ப்யூட்டரையே கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எந்தக் கார்டு வாங்கலாம் என்று மூன்று வாரமாகப் பட்டியல் போட்டவன் இதைப் பார்க்கவில்லை.

முகம் தொங்கிப்போய்விட்டது. சின்னதை வைத்துக்கொண்டு கரடியை ஜெயிப்பதாவது!

“சின்னதுல வேகம் பத்தாதுங்க அத்தை” என்று முனகினான்.

மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

“வேகமெல்லாம் பத்தும். பாலம் தாண்டுனதும் வர்ற வளைவுல பயந்துபோய் பிரேக்க அழுத்துறீங்களே, மொதல்ல அத நிறுத்துங்க.”

சொன்ன கையோடு கீபோர்டுப் பெட்டியின் பின்பக்கத்தை வெகு அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். அதில் பார்கோடைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த வளைவைப் பற்றி அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அங்கே அவன் பிரேக் போடுவது உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். தினமும் அந்த இடத்தில்தான் அந்த ஆள் அவனை முந்திக்கொண்டு போவது வழக்கம்.

ஒரு வருடமாகத் தான் எழுதிய வசவுகள் அத்தனையும் வரிசையாக ஞாபகம் வந்தன. காதெல்லாம் சுட்டது.

பிறகு வேறொன்றும் ஞாபகம் வந்தது.

போன மழைக்காலத்தில், அவன் வேலை செய்யும் எக்ஸ்ரே பிரிவை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வீட்டில் யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. முகம் தெரியாத கரடியிடம் மட்டும் ஒரு மாலை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். பிரிவை மூடவில்லை. விஷயம் மனைவியின் காதுக்கு இன்றுவரை போகவும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும், ஏழு நாளும், புயல்தான் ஜெயித்தது.

தன் திறமை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

கடைக்காரர் திரும்பி வந்து எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அவன் சின்னதைக் காட்டினான். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

“ஞாயித்துக்கிழமை யாரும் விட்டுக்குடுக்கக் கூடாதுங்க அத்தை.”

மாமியாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“விட்டுக்குடுத்தா ஏன்னு கேளுடா” என்றார்.