ஆட்ரியின் வேண்டுதல்

மகள் ஆட்ரியின் வேண்டுதல் என்னவென்று கேட்காமலேயே, அது நிறைவேற வேண்டுமென்று அம்மா ரோசரி, மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் சொல்லி முடித்திருந்தார். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டுதல் இருக்கப்போகிறது?

காலையில் கோப்பியை வைத்துவிட்டுக் கேட்டார்: “மாதா கண்ணத் தொறந்தாங்களா?”

ஆட்ரி கணினியை விட்டு நிமிரவில்லை. “வந்துருச்சும்மா. ஃபிஜி பக்கத்துலேருந்து.”

“அவ்ளோ தூரமா?”

“தூரமா இருந்தாத்தான் எனக்கு உதவும்லா.”

“மாப்பிள்ளைக்கு என்ன வேல?”

“மாப்பிள்ளையா? நிலநடுக்கம்மா. அதோட அலை, பூமிக்கு அடி ஆழத்துல முழுகிக் கெடக்குற பழைய கடல்தரையத் தாண்டி, பத்து காஜா ஊர்த் தோட்டத்துல நான் வச்ச கருவிக்கு வந்தாத்தான் என் ஆராய்ச்சி முடியும்.”

ரோசரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“செய்தி இன்னும் வரல.”

நன்றிக்கென வாங்கிய மெழுகுவர்த்தியோடு இன்னொன்றையும் ரோசரி பைக்குள் வைத்தார். அது மன்னிப்புக்கு.