அத்தான் வேலை பார்த்த கடை

"நீங்க வேலை பார்த்த வாட்ச் கடையை எப்பத்தான் காட்டுவீங்க அத்தான்?"

அந்த வெளிநாட்டு நகரத்தில் முதுகுப் பைகளோடு சுற்ற ஆரம்பித்ததிலிருந்து மச்சான் இதையே கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா கல்யாணத்தன்று அவனுக்கு அத்தான் கட்டிவிட்ட வாட்ச் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான். சித்தப்பா, பெரியப்பா என்று வீட்டில் ஒரு கையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"ஊரையே புரட்டிப் போட்டுட்டானுங்களே மாப்ளே. எங்கேன்னு தேடறது?"

உண்மைதான். திரும்பிய பக்கமெல்லாம் புதுக் கட்டடங்கள். பத்து வருஷம் இருந்த ஊரில் அத்தான் திருதிருவென்று விழித்தார். பழைய ரயில் பாலத்துக்கு அடியிலிருந்த சுரங்கப்பாதையில் இறங்கியதும்தான் அவர் நடையே மாறியது.

"பையை முன்னாடி மாட்டிக்கோ. வளைவுல ஒருத்தன் தீப்பெட்டி கேப்பான். இன்னொருத்தன் பின்னாடி வருவான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் சிகரெட்டோடு ஒருவன் எதிரே வந்தான். பின்னாலிருந்து கத்தி நீண்டது. அத்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கத்திக்காரன் அலறிக்கொண்டு ஓடினான். சிகரெட்காரனின் முடியைக் கொத்தாகப் பிடித்து, முகம் கிழியும்வரை சுவரில் மோதினார். பல்லும் ரத்தமுமாக அவன் சரிந்தான்.

"போதும் அத்தான், செத்துடப் போறான்."

அத்தான் குனிந்தார். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தான் மச்சான்.

அவருடைய இரண்டு விரல்கள் விழுந்தவனின் மணிக்கட்டில் ஒரு சுண்டு சுண்டின. வாட்ச் கழன்று அவர் உள்ளங்கைக்கு வந்தது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மச்சானிடம் நீட்டினார்.

"கடையைக் காட்டு, கடையைக் காட்டுன்னு நச்சரிச்சியே. இதான்."