மாமனாருக்குப் பிடித்த பனீர்

"பனீர் ஆச்சாம்மா?" என்று கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தபோது, மதுமதி முட்டை ஓடுகளை நொறுக்கி ஒரு காலி ஆட்டா பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சு மாமா. தோ வரேன்."

பாக்கெட்டின் வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, குப்பைப் பையின் அடியில் அமுக்கினாள். கொலை செய்தவன்கூட இத்தனை கவனமாகத் தடயத்தை மறைத்திருக்க மாட்டான்.

"இன்னொரு தட்டும் வைம்மா. லோதி ரோட்லேருந்து விஜயா வர்றா. உன் பனீரைச் சாப்பிட்டே ஆகணுமாம்!"

மாமனாரின் தங்கை விஜயலக்ஷ்மி அத்தை சாமானியப்பட்டவர் அல்ல. கடை பிஸ்கட்டைக்கூட, முட்டை கலந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார்.

அண்ணன் மட்டும் என்னவாம்? ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் பூவராகவன். கழுத்தில் துளசி மாலை. மனைவி போன பிறகு, மகன் கார்த்தியோடு இருக்க தில்லி ஜனக்புரிக்கு வந்தவர்.

வந்த புதிதில் ஒரு காலை, பார்க்குக்கு நடக்கப் போனவர் குளிர் தாங்காமல் பாதியில் திரும்பிவிட்டார். மதுமதி ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில், தனக்கென்று கிளறிய முட்டையை அடுப்படியில் நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள். "என்னம்மா அது?" என்றார். மோதி பாக்கில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சட்டென்று வாயில் வந்தது தில்லிப் பதில்தான். "பனீர் புர்ஜி, மாமா."

பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். "எனக்கும் கொஞ்சம் வை" என்று உட்கார்ந்தவர், தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று மாட்டிக்கொண்டவள்தான். மறுநாள் நிஜப் பனீரை உதிர்த்துச் செய்து கொடுத்தால், "நேத்து மாதிரி இல்லையேம்மா" என்று முகம் வாடினார். எதையும் சரியாகச் சாப்பிடாமல் துரும்பாக இளைத்திருந்த மனிதர். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே ஊருக்கு ரயிலேறிவிடுவார். கார்த்தியிடம் சொன்னாலோ, அப்பாவுக்கு முட்டை போட்டாயா என்று வீட்டை இரண்டாக்கிவிடுவான். புலி வாலைப் பிடித்த கதையாயிற்று.

பொய்யைக் காப்பாற்ற முட்டையை எத்தனை விதமாகத்தான் கிளறுவாள், பாவம்! வெங்காயம், கறிவேப்பிலை போட்டு உதிர் உதிராகப் பொடிமாஸ் செய்தால் வாசம் ஊரைக் கூட்டியது. பால் விட்டு அடித்து, சிறுதீயில் மெல்லக் கிளறி, ஈரம் காயும் முன்பே இறக்கினால் பனீர் போலவே மெத்தென்று வந்தது. மஞ்சள் நிறம் காட்டிக்கொடுக்குமோ என்று தோன்றினால் வெண்ணெயும் தக்காளியும் போட்டுச் சிவக்க வைத்தாள். ரொம்பப் பயமான நாட்களில் வெள்ளைக்கருவை மட்டும் ஆவியில் வேகவைத்து, உதிர்த்துத் தாளித்தாள்.

மாமனார் எல்லாவற்றையும் ரசித்துச் சாப்பிட்டார். "வேலைக்குப் போற பொண்ணு, இதையாவது நான் செய்யறேன்" என்று குப்பைப் பையையும் தினமும் அவரே கீழே கொண்டுபோனார். குப்பை வண்டிக்காரன் ஒவ்வொரு பையையும் கொட்டிப் பிரித்துத்தான் வாங்குவான். அவர் மேலே வரும்வரை மதுமதிக்கு உயிரே இருக்காது. அவர் என்னவோ சிரித்த முகமாகத்தான் திரும்பி வருவார்.

அழைப்பு மணி அடித்தது.

"வா விஜயா! மெட்ரோல கூட்டமா?"

"கூட்டம் கிடக்கட்டும் அண்ணே. பசி. மது, ஜல்தி!"

அடுப்படிக்கு ஒரே வாசல். அது கூடத்தில், அவர்கள் இருவருக்கும் நேர் எதிரே இருந்தது. சுற்றிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைத் தவிர வெளியே போக வழியில்லை.

வாணலியில் மாமனாருக்கான முட்டையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அதையே அத்தைக்கும் போடலாமா? மதுமதி கரண்டியை எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள். ஒருவருடைய ஆசாரத்தைக் கெடுத்த பாவம் போதும். மாட்டினால் மாட்டட்டும்.

வாணலியை அப்படியே மைக்ரோவேவுக்குப் பின்னால் மறைத்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து பனீரை எடுத்து உதிர்த்து, வேறு வாணலியில் அவசரமாகக் கிளறினாள். மாமனாரின் நாக்குக்குப் பயந்து ஒரு சிட்டிகை காலா நமக் தூவினாள். அந்தக் கறுப்பு உப்பில் லேசாக முட்டை வாசம் அடிக்கும்.

இரண்டு தட்டிலும் அதையே பரிமாறிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

பூவராகவன் ஒரு வாய் போட்டார். மெல்லுவது நின்றது. தட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு தர்மசங்கடத்தோடு தங்கையைப் பார்த்தார்.

அத்தை வாயில் வைத்ததை ஒரு நிமிஷம் இப்படியும் அப்படியும் உருட்டினார். முகம் கோணியது. தட்டைத் தள்ளி வைத்தார்.

அவ்வளவுதான். இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. இத்தனை நாளா உங்களுக்கு நான்..."

"நீ சும்மா இரும்மா" என்று கையமர்த்திய அத்தை, அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, போன்ல முட்டைன்னுதானே சொன்னீங்க?"