எட்டாவது குரல்

தையல் ஆலையின் வேன் கிளம்புமுன் பெண்கள் ஏழு பேரும் வரிசையாக எண் சொல்ல வேண்டும். கடைசி இருக்கைக்காரி ஒருகாலத்தில் பட்டாளத்தில் இருந்தவள். அவள் சொல்லும் ‘ஏழு’ மட்டும் கணீரென்று விழும்.

அன்று மாலை ‘ஏழு’ சொல்லி அவள் வாயை மூடிய பிறகு, ‘எட்டு’ என்று அவள் குரலே கேட்டது.

போரின்போது ஒரே ஒரு முறை அவள் இப்படி இரண்டு எண் சொல்லியிருக்கிறாள். பின்வாங்கும் லாரியில் ஆள் எண்ணினார்கள். இவளுக்குத் தாகமென்று தண்ணீர் பிடிக்கப் போன தோழி இன்னும் திரும்பவில்லை. பாவம், வசவு வாங்குவாளே என்று அவளுடைய எண்ணையும் இவளே சொன்னாள். கணக்கு சரியென்று லாரி உடனே கிளம்பிவிட்டது. பொய் சொன்ன பயத்தில் இவள் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

“அண்ணே, கணக்குல ஒரு ஆள் கூடுதலா வருதே?” என்றாள் முன்சீட்டுப் பெண்.

“குறைஞ்சாத்தானேம்மா கவலை,” என்று ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.

கடைசி இருக்கைக்காரி பின்கண்ணாடி வழியே பார்த்தாள். “நிறுத்துங்கண்ணே! அவ ஓடி வரா! கும்பிட்டுக் கேக்கறேன், நிறுத்துங்க!”

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். “ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லக்கா.”

வேன் வேகமெடுத்தது. புழுதிக்குள் அதே சீருடையில், அதே இருபது வயதில் அவள் ஓடிவந்துகொண்டிருந்தாள், இவளுடைய தண்ணீர்க் குடுவையை உயரத் தூக்கிக் காட்டியபடி.