யாரோடதா இருக்கும்?

மாலை ஆங்கில வகுப்பில், பெஞ்சடியில் கிடந்த துணிப்பையை ஆசிரியர் மேசைமேல் கவிழ்க்கிறார். "இது யாரோடதா இருக்கும்? ஊகிச்சு இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்ப்போம்." பல் போன சீப்பு, பாதி கடித்த பன், ஓட்டல் பெயர் போட்ட சர்க்கரைப் பொட்டலங்கள், ஒரு சாவி எல்லாம் குழல்விளக்கின் கீழ் கூச்சமில்லாமல் கிடக்கின்றன. "சின்னப் பிள்ளையோடதா இருக்கலாம்." "திருடியோடதாத்தான் இருக்கணும்!" தெரிந்த ஆங்கிலத்தில் ஆளாளுக்கு அவிழ்த்துவிடுகிறார்கள். அறையே சிரிக்கிறது. காது மடல் கொதிக்க, கடைசி வரிசைத் தையல்கடை அக்காவும் சிரிக்கிறாள். "அக்கா, நீங்க?" எப்போதும் திக்கித் திணறுகிறவள், இன்று எழுந்து பிசிறில்லாமல் ஆங்கிலத்தில் சொல்கிறாள்: "என்னோடதா இருக்கவே முடியாது, சார்." "வெரிகுட்!" என்று ஆசிரியர் கைதட்டச் சொல்கிறார். வகுப்பு கலைகிறது. மேசைப் பக்கம் திரும்பாமல் அவள் படியிறங்குகிறாள். அவள் வீட்டுக் கதவுக்கு வேறு சாவி கிடையாது.