வழியா, வலியா

நாலு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடியும் போனை எடுத்தாள்.

தங்கையின் ஆல்பம் வெளிவந்து மூன்று வாரம். ஒரு கிடார், ஒரு குரல், ஒன்பது பாட்டு. வாடகை அறையில் நாலு பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தது. விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

கேட்டவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். 'குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியவில்லை' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'மூன்றாவது பாட்டில் நாற்காலி கிறீச்சிடுகிறதே, அதற்காகவே பத்து முறை கேட்டேன்' என்று ஒருவர். 'பஸ்ஸில் அழுதேன், கண்டக்டர் டிக்கெட்கூடக் கேட்கவில்லை' என்று இன்னொருவர்.

இதெல்லாம் இவளுக்கு மனப்பாடம். விரல் நேராக ஐந்தாவது பாட்டுக்குப் போனது. 'படிக்கட்டு.'

அதில் ஒரு வரி. 'அக்கா, இன்னும் கூடவே வருது நீ காட்டிய...'

அடுத்த சொல் வழியா, வலியா?

ஒற்றை எழுத்துக்காக ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். காதில் விழுவது என்னவோ வலிதான். ஆனால் 'ஓட்டை சைக்கிள்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஆசாமி முதல் நாளே எழுதிவிட்டார்: 'பாதிப் பேருக்கு ழ வராது சார். அது வழிதான். பதிமூணு படி தாண்டி வந்தபிறகும் அக்கா காட்டிய வழி.' படத்தில் முறுக்கு மீசை. பின்னால் நானூறு பேர். எல்லோருக்கும் அவர் 'அண்ணே'.

தங்கை இன்று நாலு மணிக்கு வந்து பதில் எழுதுவதாக அறிவித்திருந்தாள்.

வலி என்று அவள் சொல்லிவிட்டால், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம். தெரியாது என்று நம்பித்தான் இவள் இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

தங்கைக்கு அப்போது ஐந்து வயது. இவளுக்குப் பதினொன்று. எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு வருகிற குட்டி. அன்றைக்கு மாடிப்படி உச்சியில் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டு, நானும் வருவேன் என்று அடம். கீழே சிநேகிதிகள் காத்திருந்தார்கள். முதுகில் ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

நாக்கு கிழிந்து நாலு தையல். 'ஓடி வந்து தவறி விழுந்துட்டா' என்று அம்மாவிடம் சொன்னது இவள்தான்.

அதற்குப் பிறகு தங்கைக்கு ழ வரவேயில்லை. பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் அழுதுகொண்டு வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து இவள் சொல்லிக்கொடுத்தாள். மழை வேண்டாம், தூறல்னு சொல்லு. வழி வேண்டாம், பாதை. ஏழு வந்தால் விரலைக் காட்டிவிடு.

தங்கை அதை இன்றுவரை விடவில்லை. ஒன்பது பாட்டிலும் தூறல்தான், மழை கிடையாது. வழி என்று நினைத்திருந்தால் பாதை என்றே எழுதியிருப்பாள். இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம் அது.

இவள் மெஷினைப் போட்டு லென்ஸை வைத்தாள். ஓரம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. ஃப்ரேமில் பொருத்தினால் லொடலொட என்று ஆடியது.

கவுன்டரில் நிற்கும் பெண் ஒரு காதில் இயர்போனோடு எட்டிப்பார்த்தாள். பாடுகிறவள் யாருடைய தங்கை என்பது அவளுக்குத் தெரியாது.

"அக்கா, நீங்களே சொல்லுங்க, இது வழியா வலியா? நான் ஓட்டை சைக்கிள் அண்ணன் கட்சி."

"வழி" என்றாள், நாக்கை நன்றாக மடித்து.

நாலு மணி.

தங்கை வந்துவிட்டாள். குக்கருக்கு ஒரு சிரிப்பு. நாற்காலிக்கு ஒரு நன்றி. பஸ்ஸில் அழுதவருக்கு ஒரு முழுப் பத்தி. அப்புறம் ஐந்தாவது பாட்டு.

ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடியும் துடித்தன.

பதில் ஓட்டை சைக்கிளுக்குக் கீழே வந்து விழுந்தது.

'வழின்னே வெச்சுக்கலாம், அக்கா.'

கவுன்டரில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கீழே நூறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'அக்காவா? மீசையைப் பாருங்க மேடம்' என்று ஒருவர் எழுதினார்.

இவள் கையில் போன் அதிர்ந்தது. 'ஓட்டை சைக்கிள், உங்கள் கருத்துக்கு ஒரு பதில் வந்திருக்கிறது.'

முதல் நாள் அவசரத்தில் தான் எழுதியதை மறுபடியும் மேலே போய்ப் படித்தாள். பதிமூணு படி.

பாட்டில் எத்தனை படி என்று எங்குமே வரவில்லை.